கைதட்டு வாங்கிய சாக்லேட்

வாருங்கள். கையில் இருக்கும் வேலையைச் சற்றே ஓரமாக வைத்துவிட்டு வந்து பாருங்கள். இங்கே கொலை நடக்கவில்லை, கொள்ளை நடக்கவில்லை. போலீசுக்கு ஓட வேண்டிய அவசரம் எதுவும் இல்லை. ஆனால் நல்ல உடம்புக்காரன் ஒருவனைச் சிரிக்கச் சிரிக்க, கைதட்டக் கைதட்டப் படுக்கையில் தள்ளும் ஏற்பாடு பட்டப்பகலில் நடந்துகொண்டிருக்கிறது. தள்ளுகிறவன் கையில் கத்தி இல்லை, சாக்லேட் இருக்கிறது. தள்ளப்படுகிறவன் நன்றி சொல்கிறான். இதைவிடப் பெரிய அநியாயத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திராவிட்டால் பாருங்கள், பார்த்திருந்தால் ஏன் வாய்மூடி இருந்தீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. துவைக்கும் இயந்திரத்தின் முன்னால் நின்று, கணவனின் காக்கிச் சட்டைகளை ஒவ்வொன்றாகப் பையைத் துழாவி உள்ளே போட்டுக்கொண்டிருந்தாள் ஒரு பெண். பையைத் துழாவாமல் எந்தத் துணியையும் அவள் நீரில் போட்டதில்லை. அவளுடைய பிழைப்பு அப்படி. வீட்டுச் சாதனங்கள் செய்யும் நிறுவனம் ஒன்றில், தொலைபேசியில் வரும் புகார்களைக் கேட்பது அவள் வேலை. "மிக்சி ஓடலை" என்று ஒருவர் கொதிப்பார். "பிளக் சொருகியிருக்கா சார்?" என்று இவள் கேட்பாள். "நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு" என்று இன்னொருவர் அழுவார். "நேத்துக்கும் இன்னைக்கும் நடுவுல வேற என்ன மாறிச்சு மேடம்?" என்று இவள் கேட்பாள். அலுவலகத்தில் அவளுக்குப் 'பிளக்கு' என்று பெயர். வீட்டில் நாத்தனார் வைத்த பெயர் 'சி.ஐ.டி. அண்ணி'.

அன்று மூன்று சட்டைகளிலிருந்தும் தங்கநிறக் காகித உருண்டைகள் வந்தன. முகர்ந்து பார்த்தாள். சாக்லேட். அவளுக்கு மூக்கில் வேர்த்தது.

மாடியில் குடியிருக்கும் நாத்தனார், துணிக் கிளிப் கேட்டு அந்த நேரம் பார்த்து இறங்கி வந்தாள்.

"என்ன அண்ணி, தங்கம் கிடைச்சிருக்கு போல?"

"உங்க அண்ணன் பாக்கெட்ல கிடைச்சுது. சாக்லேட் காகிதம்."

"காபிக்கே சர்க்கரை வேணாம்னு சொல்ற ஆளாச்சே எங்க அண்ணன்!"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன். யாருக்கோ வாங்கிக் கொடுக்கிறாரு."

"வாங்கிக் கொடுத்தா, தின்னவங்க காகிதத்தை எங்க அண்ணன் பாக்கெட்லயா திருப்பிப் போடுவாங்க? நல்லாத் துப்பு துலக்குறீங்க போங்க!" என்று சிரித்துவிட்டு, கிளிப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள் நாத்தனார்.

அந்தக் கேலியில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததாலேயே சந்தேகம் தீரவில்லை, திசை மாறியது. யாருக்கும் கொடுக்கவில்லை என்றால் தானே தின்கிறார். தின்பதை ஏன் சொல்லவில்லை?

பகல் ஷிப்ட் முடிந்து கணவன் வந்தான். பேருந்து ஓட்டுநர். சாலையில் எவன் குறுக்கே பாய்ந்தாலும் ஹாரனை அடித்துத் தீர்க்காமல் ஓரம் கட்டி வழிவிடுகிறவன். அதனால் பணிமனையில் அவனை 'நிதானம்' என்றுதான் கூப்பிடுவார்கள். சாப்பாட்டு மேசையில் அவன் தட்டுக்குப் பக்கத்தில் மூன்று உருண்டைகளையும் வரிசையாக வைத்தாள்.

"இது என்னங்க?"

பார்த்தான். வாய்விட்டுச் சிரித்தான். "அட, நீ வேற எதையோ நினைச்சுட்டியா? சட்டைப் பட்டன் அறுந்தாக்கூட உன்னைக் கேட்டுத்தானே வேற பட்டன் தைக்கிறேன். எனக்கு எதுக்கும்மா அந்த வம்பெல்லாம்?" என்று எழுந்துபோய், சீருடைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வந்தான். பெட்டியின் மேல் சிவப்பு இதயம். அதன் கீழே 'இதய நலம்' என்று கொட்டை எழுத்து.

"இது சாக்லேட்டு இல்ல, மருந்து. லேசாக் கசக்கும். கொக்கோ அதிகம். டிப்போ மாடியில செவ்வாய்க்கிழமை ஆனா கேம்ப் போடுறாங்க. உள்ள நுழையும்போது பிரஷர் பாக்குறாங்க, எகிறிக்கிட்டு நிக்குது. ஒரு துண்டு வாயில போட்டுக் கொஞ்ச நேரம் உக்காந்தா, சும்மா பொலபொலன்னு இறங்குது. நான் என் கண்ணால பாத்தேன். மிஷின் பொய் சொல்லுமா?"

"மிஷின் பொய் சொல்லாதுங்க. மிஷினைக் காட்டுறவங்க சொல்லுவாங்க. விடிஞ்சா அடைஞ்சா எனக்கு அந்தப் பஞ்சாயத்துதானே?" என்றவள், சட்டென்று நிறுத்தினாள். "டாக்டர் கொடுத்த பிரஷர் மாத்திரையைப் போடுறீங்கதானே?"

அவன் தண்ணீர்க் குவளையை எடுத்து, குடிக்காமல் கீழே வைத்தான்.

"நிறுத்திட்டேன்."

அவள் அந்தப் பெட்டியை அவன் கைக்கு எட்டாமல் தள்ளி வைத்தாள். வைக்காமல் என்ன செய்வாள்? கணவனின் அண்ணனும் ஓட்டுநராக இருந்தவர்தான். அவருக்கும் இதே இரத்த அழுத்தம். 'எனக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன்' என்று திரிந்தவர், ஒரு நாள் குளியலறையில் சாய்ந்தார். இன்று மகள் வீட்டுக் கட்டிலில் கிடக்கிறார். வலக்கை அவருடையது அல்லாததைப் போல மடியில் கிடக்கும். தம்பியைக் கண்டால் பெயரைச் சொல்ல முயல்வார். உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். சொல் வராது, கண்ணீர் வரும்.

"யாரு நிறுத்தச் சொன்னது? டாக்டரா?"

"அங்க ஒரு பொண்ணு இருக்கு. வெள்ளைக் கோட்டு."

"வெள்ளைக் கோட்டு போட்டா டாக்டரா? எங்க ஆபீஸ்ல ஏசி துடைக்க வர்றவருக்கும் வெள்ளைக் கோட்டுதான் கொடுத்திருக்காங்க."

"நீ எதைத்தான் நம்பியிருக்க? கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ளை நான்தானான்னு ரெண்டு தடவை எட்டிப் பாத்தவதானே நீ! வேணும்னா நீயே வந்து பாரு. குடும்பத்தோட வரச் சொல்லித்தான் கூப்பிடுறாங்க."

"வர்றேன்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுப் பணிமனைக்குப் போனாள். கழுவி நிறுத்திய பேருந்துகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. டீசல் வாடையும் சுட்ட ரப்பர் வாடையும் உச்சி வெயிலில் ஒன்றாய்க் கலந்து தலையைக் கிறுகிறுக்க வைத்தன. கூட்டம் நடக்கும் கூடம் மூன்றாம் மாடியில். சுவரை ஒட்டி வெளிப்புறமாக ஏறும் செங்குத்தான இரும்புப் படி. டோக்கன் தரும் மேசை மட்டும் கீழே, படியின் அடியில்.

டோக்கன் கீழே, கருவி மேலே. ஏன்? அந்தச் சிறு மேசையை மேலேயே போட்டால் என்ன குறைந்துவிடும்? கண்கொத்திப் பாம்பாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே, பார்வையாளர் வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

அவள் உட்கார்ந்த பிறகு முதலில் வந்தது அவள் கணவன்தான். டிரிப்பை முடித்து இறங்கி, அடுத்த டிரிப்புக்குள் திரும்ப வேண்டும் என்ற பதைப்பில் டோக்கனைப் பிடுங்கிக்கொண்டு படிகளைத் தாவித் தாவி ஏறி வந்தான். வாசலில் கால் வைத்ததும் வெள்ளைக் கோட்டுப் பெண் புன்னகையோடு கையைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு இரைக்கிறது, வேர்வை வழிகிறது, நின்ற நிலையிலேயே கையில் பட்டையைச் சுற்றி அழுத்தினாள்.

"நூத்தி எண்பது!"

கூடம் முழுக்க 'ஐயோ' என்றது.

பிறகு அவனைச் சாய்வு நாற்காலியில் அமர்த்தினார்கள். திரை இழுத்துவிடப்பட்ட கூடம், குளிர்ந்த காற்று, மெல்லிய இசை. நாக்கில் ஒரு துண்டு சாக்லேட்.

"கடிக்காதீங்க. பேசாதீங்க. அதுவாக் கரையட்டும். கண்ணை மூடிக்கோங்க."

நீலக் கோட்டு அணிந்த பேச்சாளர் ஒருவர் தேன் குழைத்த குரலில் தொடங்கினார். கொக்கோ மரத்தின் பெருமை, அந்தக் காலத்து அரசர்கள் அதைக் குடித்த சிறப்பு, இரத்தக் குழாய்கள் மலர்ந்து விரியும் அதிசயம். காலையிலிருந்து ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த மனிதர்கள் ஒவ்வொருவராக அயர்ந்தார்கள். பின்வரிசையில் ஒரு நடத்துநர் குறட்டையே விட்டார். பேச்சு முடிந்தது. உட்கார்ந்த இடத்திலேயே மறுபடி அளந்தார்கள்.

"நூத்தி அறுபது!"

மேசைமேல் இருந்த மணியைப் பேச்சாளர் ஓங்கி அடித்தார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. கணவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். 'இப்ப என்ன சொல்ற?' என்று கேட்டது அந்தப் பார்வை.

அவள் எழுந்தாள். "எனக்கும் பாருங்களேன்."

"வாங்கம்மா, வாங்க! தாய்மார்கள் முன்வந்தா வீடே நலமாகும்!" என்றார் பேச்சாளர்.

பட்டையை எடுத்த வெள்ளைக் கோட்டுப் பெண், கள்ளமில்லாமல் சொன்னாள்: "நீங்க ரொம்ப நேரமா உக்காந்தே இருக்கீங்களேக்கா. இப்ப பாத்தா வித்தியாசம் தெரியாது. கீழ போய் டோக்கன் வாங்கிட்டு ஏறி வாங்க."

பேச்சாளர் அந்தப் பெண்ணை முறைத்தார். ஆனால் சொல் வெளியே வந்துவிட்டது. கேட்க வேண்டியவளின் காதிலும் விழுந்துவிட்டது.

அவள் இறங்கினாள். டோக்கன் வாங்கினாள். எல்லோரையும் போல விறுவிறுவென்று ஏறி வந்தாள். பட்டை சுற்றினார்கள், எண் எகிறி நின்றது, 'ஐயோ' கிடைத்தது. நாற்காலி கிடைத்தது. சாக்லேட் துண்டும் கிடைத்தது. அதை வாங்கி, கையை வாய்க்குக் கொண்டுபோனாள்; கண்ணை மூடினாள். பேச்சாளர் அரசர்களையும் இரத்தக் குழாய்களையும் மறுபடி வரவழைத்தார். மறுபடி அளந்தார்கள். எண் இறங்கியிருந்தது. மணி. கைதட்டல்.

"பாருங்கள் இந்தச் சகோதரியை! ஒரே ஒரு துண்டு!"

"எந்தத் துண்டுங்க?" என்று கேட்டாள் அவள். மடியில் மூடி வைத்திருந்த கையைத் தூக்கி, எல்லோரும் பார்க்க விரித்தாள். உருகிய சாக்லேட் விரலிடுக்கில் வழிந்து மணிக்கட்டுவரை கோடு போட்டிருந்தது. "இது என் வாய்க்குள்ள போகவே இல்லையே."

குறட்டை விட்ட நடத்துநர்தான் முதலில் விழித்தார். "அப்படின்னா கைக்குத்தான் பிரஷர் இருந்திருக்கு போல!" என்றார். சிரிப்பு வெடித்தது.

பேச்சாளர் அசருகிற ஆளா? "இதுதான் கொக்கோவின் மகிமை! அதன் மணம் பட்டாலே போதும், உடல் ஏற்றுக்கொள்கிறது."

"அப்ப மூட்டுவலிக்குச் செருப்புக்குள்ள போட்டுக்கலாமா சார்?" என்று யாரோ கேட்டார்கள்.

அவள் சிரிக்கவில்லை. "ஒரே ஒரு வேண்டுகோள்தான் சார். என் வீட்டுக்காரரை முதல்ல உக்கார வச்சு, மூச்சு அடங்கினப்புறம் பாருங்க. சாக்லேட் கொடுத்துட்டு அப்புறம் பாருங்க. ரெண்டுக்கும் நடுவுல சாக்லேட் மட்டும்தான் மாறணும். படி மாறக்கூடாது, நாற்காலி மாறக்கூடாது. நான் கேக்குறது தப்பா?"

"அதுக்கெல்லாம் இப்ப நேரம் இல்லம்மா."

ஓரமாக நின்றிருந்த பணிமனை மேலாளர் குறுக்கிட்டார். "நல்லது நடக்கிற இடத்துல எதுக்கும்மா வம்பு? டிரைவர், டிரிப்புக்கு நேரமாச்சு, கிளம்புங்க." மேலாளரின் அறைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே அவருடைய நாற்காலிக்குப் பின்னால் சிவப்பு இதயம் போட்ட பெட்டிகள் கூரையைத் தொட அடுக்கியிருந்தன. அவள் பார்த்தாள். அவள் பார்த்ததை மேலாளரும் பார்த்தார். கதவு சாத்தப்பட்டது.

இரும்புப் படியில் இறங்கும்போது கணவன் சொன்னது ஒன்றே ஒன்று: "கூட வேலை செய்றவங்க முன்னாடி என் மானத்தை வாங்கிட்ட."

பேருந்தில் ஏறி அமர்ந்தான். அவளும் ஏறினாள்; அவன் முதுகுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள். வண்டி நிரம்பியது. வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி பக்கத்து இருக்கையில் சாய்ந்தாள். பள்ளிப் பிள்ளைகள் பைகளை இடித்துக்கொண்டு நின்றார்கள். கிழவர் ஒருவர் கம்பியில் தலைசாய்த்து உறங்கினார். யாருக்கும் யாரும் உறவில்லை. ஆனால் அத்தனை பேரின் உயிரும் அந்த ஒருவனின் பிடரியை நம்பிக் கிடந்தது. எதிரே தொங்கிய கண்ணாடியில் தெரிந்த அவன் நெற்றிப்பொட்டில் ஒரு நரம்பு புடைத்துத் துடித்துக்கொண்டிருந்தது. அண்ணன் சாய்ந்தது குளியலறையில். தம்பி எங்கே சாய்வான்? அவள் ஒவ்வொரு வளைவிலும் அந்த நரம்பையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கடைசி நிறுத்தம் வந்தது. பயணிகள் இறங்கிப் போனார்கள். அவன் எஞ்சினை அணைத்துவிட்டு, திரும்பாமலே உட்கார்ந்திருந்தான்.

பேச வாயெடுத்த அவளுக்குத் திடீரென்று ஒன்று உறைத்தது. ஊர் உலகத்தில் எவன் தொலைபேசியில் அழைத்தாலும் 'என்ன ஆச்சு, எதனால ஆச்சு' என்று நிதானமாகக் கேட்கிறவள், இந்த மனிதனிடம் மட்டும் அதைக் கேட்கவே இல்லை. சட்டைப்பையைச் சந்தேகித்தாள், வெள்ளைக் கோட்டைச் சந்தேகித்தாள், மேலாளரைச் சந்தேகித்தாள். மாத்திரையை ஏன் விட்டாய் என்று ஒரு வார்த்தை கேட்டாளா?

"என்னங்க, அந்த மாத்திரை உங்களை என்ன பண்ணுச்சு?"

அவன் கண்ணாடிக்கு வெளியே கையைக் காட்டினான். "இங்க பாத்ரூம் எங்க இருக்குன்னு காட்டு, பாப்போம்."

அவள் பார்த்தாள். ஒரு நிழற்குடை, ஒரு மின்கம்பம், ஒரு மதில். வேறொன்றும் இல்லை.

"அதைப் போட்டா முட்டிக்கிட்டு வருது. இந்த முனையிலயும் இல்ல, அந்த முனையிலயும் இல்ல. நடுரோட்டுல வண்டியை நிறுத்திட்டு எங்க ஓடுவேன்? ஒரு நாள் சிக்னல்ல…" அவன் ஸ்டியரிங்கையே பார்த்தான். "சீட்டுல துண்டைப் போட்டு மறைச்சுக்கிட்டு டிப்போ வரைக்கும் வந்தேன். நாப்பத்தஞ்சு வயசு ஆம்பளை. இதை யார்கிட்டப் போய்ச் சொல்ல? சாக்லேட்டுல இந்தத் தொல்லை இல்ல. அவ்வளவுதான்."

அவள் சாக்லேட் காய்ந்த கையை அவன் தோளில் வைத்தாள். காக்கிச் சட்டையில் கறை ஒட்டியது. அவன் தட்டிவிடவில்லை.

மறுநாள் இருவரும் மருத்துவரிடம் போனார்கள். அங்கேயும் அவளுடைய சந்தேகம் செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு வரவில்லை. சுவரில் மாத்திரைக் கம்பெனி நாள்காட்டி. மேசையில் மாத்திரைக் கம்பெனி பேனா. இவரும் எதையாவது விற்கிறாரோ? ஆனால் ஒன்றைக் கவனித்தாள்: வந்ததும் வராததுமாகப் பட்டையைச் சுற்றவில்லை. அமைதியாக உட்காரச் சொன்னார். கழிவறைக்குப் போய்விட்டு வரச் சொன்னார். பேச வேண்டாம் என்றார். அதற்குப் பிறகுதான் அளந்தார்.

நூற்று அறுபது. மணி அடித்துக் கைதட்டிய அதே எண்.

"இதுக்கா கைதட்டுனாங்க?" என்று மருத்துவர் புருவத்தை உயர்த்தினார். "இது இறங்கின எண் இல்ல சார். இதுதான் உங்க நோயே."

"அப்ப சாக்லேட்டுல ஒரு நல்லதும் இல்லையா டாக்டர்?" என்றான் கணவன், பறிகொடுத்தவன் குரலில்.

"இல்லைன்னு சொல்ல மாட்டேன். கொக்கோவுல இருக்கிற சில சத்துங்க ரத்தக் குழாயைக் கொஞ்சம் இளக்கும்னு ஆராய்ச்சி பண்ணிச் சொல்லியிருக்காங்க. கொஞ்சம்தான். எந்தச் சாக்லேட்டுல அது எவ்வளவு இருக்குன்னு உறுதியாச் சொல்ல முடியாது. கூடவே சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்து வரும். ஆசைக்கு ஒரு துண்டு தின்னுங்க, யாரு வேணாம்னா? மாத்திரைக்குப் பதிலாத் தின்னாதீங்க. மாத்திரையை ஏன் விட்டீங்க?"

கணவன் மனைவியைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். சொன்னான்.

"அட! அந்தத் தொந்தரவு இல்லாத மாத்திரையும் இருக்கே. இதை ஏன் முன்னாடியே சொல்லலை?"

"நீங்க கேக்கலையே டாக்டர்."

மருத்துவர் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. அவள் அந்தப் பேனாவையே பார்த்தாள். "இந்த மாத்திரையும் அந்தப் பேனாக் கம்பெனியோடதா டாக்டர்?"

"என்னம்மா பேசுற?" என்று கணவன் பதறினான்.

மருத்துவர் சிரித்துவிட்டார். "இல்லம்மா. ஆனா தாராளமா சந்தேகப்படுங்க. சந்தேகப்பட்டுட்டு வீட்டுலயே உக்காந்துடாம, மாத்திரையைப் போட வச்சு, அடுத்த வாரம் கூட்டிட்டு வந்து அளந்து பாருங்க. குறையலைன்னா என்னைக் கேளுங்க."

அடுத்த வாரம் போய் அளந்தார்கள். குறைந்திருந்தது. அதற்கடுத்த வாரமும் குறைந்திருந்தது. இருந்தாலும், அவன் மாத்திரையை விழுங்கியதும் "ஆ காட்டுங்க" என்று நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்க்கிறாள். அவனும் முணுமுணுத்துக்கொண்டே காட்டுகிறான்.

அநியாயம் அதோடு ஒழிந்ததென்று எண்ணிவிடாதீர்கள். அடுத்த செவ்வாயும் மூன்றாம் மாடியில் கூட்டம் நடந்தது. மேசை அதே படியடியில்தான் கிடந்தது. ஓட்டுநர்கள் அதே படியில்தான் மூச்சிரைக்க ஏறினார்கள். 'கைக்குத்தான் பிரஷர்' என்று கேலி செய்த நடத்துநரும் இரண்டு பெட்டிகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கினார். கணவன் 'நிதானம்' அவரை மடக்கி நடந்ததைச் சொன்னபோது, "உங்க வீட்டம்மா சொல்றதும் சரிதான். ஆனா எனக்கு நல்லாத்தானே இருக்கு" என்றாராம். கூட்டம் நடத்தியவர்கள் ஒரே ஒரு திருத்தம் செய்திருந்தார்கள்: சாக்லேட் கொடுத்த பிறகு, எல்லோருடைய கையையும் விரித்துக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறார்கள்.

அவர்களுக்குப் பணிமனை அலுத்துவிட்டால் ஆலைக்கு வருவார்கள். ஆலை அலுத்துவிட்டால் உங்கள் அலுவலகத்துக்கு வருவார்கள். வந்தால் வாசலில் நின்று கேளுங்கள்: முதலில் உட்கார வை, பிறகு அள! சாக்லேட் தின்றவரையும் தின்னாதவரையும் ஒரே நாற்காலியில் வைத்து அள! மறுத்தால் பாதையை மறித்துக்கொண்டு நில்லுங்கள். கூட்டத்தைக் கலைக்காமல் நகராதீர்கள். நீங்கள் ஏறும் பேருந்தின் கடைசி நிறுத்தத்தில் இறங்கிச் சுற்றிலும் பாருங்கள். அங்கே ஓட்டுகிறவனுக்கு ஒரு கழிவறை இல்லையென்றால் பேருந்தில் வந்த அத்தனை பேரையும் திரட்டிக்கொண்டு போய், அதைக் கட்டும்வரை அதிகாரியைத் தூங்க விடாதீர்கள். இவற்றுக்கெல்லாம் முன்னால், உங்கள் வீட்டில் மாத்திரையை நிறுத்திவிட்டு வாய்மூடி இருக்கும் அந்த மனிதர் யாரென்று கண்டுபிடியுங்கள். திட்டாதீர்கள். அருகில் போய் உட்காருங்கள். ஏன் என்று கேளுங்கள். இன்றே கேளுங்கள்!